டார்ச் வேண்டாம் என்றது யார்?

மலை ஏறக் கூப்பிட்ட சேதி வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. பெரியவள் இன்னும் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

சேதியை அனுப்பியவர் தங்கைக்கு மாப்பிள்ளையாக வரப்போகிறவரின் அம்மா. ஓய்வு பெற்ற ஹெட் நர்ஸ். வார்டு போர்டில் எழுதிப் போடுகிற மாதிரி நம்பர் போட்டு அனுப்பியிருந்தார். சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு அடிவாரம். மூன்று மணி நேர ஏற்றம். உச்சியில் நின்று சூரிய உதயம். முடியாத பெரியவர்கள் பாதி வழியில் இருக்கும் கொட்டகையில் உட்கார்ந்துகொள்ளலாம். கடைசி வரி இது: “ஆளுக்கு ஒரு டார்ச் வேண்டாம். முன்னால் போகிறவரிடம் ஒன்று, கடைசியில் வருகிறவரிடம் ஒன்று. நிலா இருக்கும், போதும்.”

அந்தக் கடைசி வரிதான் பெரியவளின் தூக்கத்தைக் கெடுத்தது.

இந்தத் தொடரோடு முதல் வாரத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு இந்த வீட்டு ரகசியம் தெரியும். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கும் காதோடு சொல்லிவிடுகிறேன், வெளியில் விட்டுவிடாதீர்கள். தங்கைக்கு மாலைக்கண்.

பகலில் அவள் கண்ணுக்கு ஈடு கிடையாது. பெயின்ட் கடையில் கலர் பொருத்துவது அவள் வேலை. நாற்பது வருஷத்துச் சுவரிலிருந்து நகத்தளவு பெயர்த்துக்கொண்டு வந்து கொடுத்தாலும் அதே நிறத்தைக் கலந்து டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிடுவாள். பொழுது சாய்ந்துவிட்டால் அதே கண்ணுக்குச் சுவரும் ஒன்றுதான், சுவரோரம் நிற்கிற ஆளும் ஒன்றுதான். பிறவியிலேயே வந்தது. கூடவும் கூடாது, குறையவும் குறையாது, இதற்கு மருந்து இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது பெரியவள்தான். ரகசியத்தையும் அவள்தான் வளர்த்தாள். சாயங்காலம் எங்கே யார் கூப்பிட்டாலும் “அவளுக்குத் தலைவலி” என்பாள். அந்தப் பெண்ணுக்கு வந்ததாகச் சொல்லப்பட்ட தலைவலிகளை எல்லாம் சேர்த்தால் ஒரு ஆஸ்பத்திரியே நடத்தலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் வீட்டுச் சம்பந்தம் கிட்டத்தட்ட முடிந்த நேரத்தில், பெரியவள் மனசு கேட்காமல் போய் உண்மையைச் சொன்னாள். “அதனாலென்னம்மா” என்றார்கள். மறுநாளிலிருந்து அவர்கள் வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் பெரியவள் முடிவு எடுத்தாள். இனிமேல் கல்யாணம் முடிந்த பிறகுதான் வாயைத் திறப்பது.

இப்போது, கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது, ராத்திரி மலை ஏறலாமாம். டார்ச் வேறு வேண்டாமாம்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார்?

பல் டாக்டர் வீட்டாருக்கு இப்படி ஒரு சம்பந்தம் நடப்பதே தெரியாது. அவர்களை விட்டால் இந்த ரகசியம் தெரிந்தவர்கள் உலகத்தில் நாலே பேர். தங்கை சொல்லமாட்டாள். பெரியவள் சொல்லமாட்டாள். டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மிச்சம் இருந்தவர் எதிரில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

“ஏங்க, அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் எப்போ ரிப்பேர் ஆச்சு?”

“போன வெள்ளிக்கிழமை. ஏன்?”

“அந்தம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரிதானே அது?”

புருஷன்காரர் ரொட்டியைக் கீழே வைத்தார். லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருஷக் குடித்தனத்தில், பெண்டாட்டியின் கேள்வி எந்த மாடியில் போய் நிற்கும் என்று அவருக்குக் கிளம்பும்போதே தெரிந்துவிடும்.

“நேராக் கேளு.”

“நேராத்தான் கேக்கறேன். வெள்ளிக்கிழமை நீங்க அங்க போனீங்க. செவ்வாய்க்கிழமை இந்தச் சேதி வருது. யாருகிட்ட என்ன உளறினீங்க?”

“நான் லிஃப்டுக்கு மேல நின்னு வேலை பார்க்கிறவன். உள்ள இருக்கிறவங்க பேசறது எனக்குக் கேக்கும். நான் யாருகிட்ட பேச?”

“வேலை முடிஞ்சதும் டீ குடிச்சிருப்பீங்கல்ல? டீ உள்ள போனா உங்க வாய் தானாத் திறந்துக்கும்.”

“ஒரு டீ குடிச்சேன். லிஃப்ட் எப்ப ஓடும்னு கேட்டாங்க, நாலு மணிக்குன்னு சொன்னேன். இதுல என்ன உளறல் இருக்கு?”

“யோசிச்சுப் பாருங்க.”

அந்த ‘யோசிச்சுப் பாருங்க’தான் அவரைச் சுட்டது. சத்தம் போடாத மனுஷன், அன்றைக்குச் சத்தம் போட்டார்.

“இந்த வீட்ல நான் ஒரு நாற்காலியை ஒரு அங்குலம் நகர்த்தியிருப்பேனா? செருப்பை வழியில விட்டிருப்பேனா? அவ ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா இடிச்சுக்கக் கூடாதுன்னு தரையோரமா லைட் போட்டது யாரு? அவ எனக்கும் தங்கச்சிதான். என்னைப் போய்ச் சந்தேகப்படறியே!”

கருவிப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பாதி ரொட்டி தட்டிலேயே கிடந்தது.

சத்தம் கேட்டுத் தங்கை தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். “என்னக்கா, காலையிலேயே?”

“ஒண்ணுமில்ல குட்டி. சனிக்கிழமை உனக்குத் தலைவலி.”

“இந்தத் தடவை தலைவலி வேண்டாம்க்கா. நான் போறேன்.”

“போறியா? எப்படிப் போவ?”

“கால்லதான்.”

சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எதிராளி வெட்டி வைத்திருக்கும் குழி தெரியாமல் இந்தப் பெண் சிரிக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பெரியவள் ரொட்டித் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள்.

*

பெரியவளுக்கு ரயில் நிலையத்தில் வேலை. வாசலில் ஸ்கேனர் மெஷின், அதன் திரைக்கு முன்னால் அவள். பைகள் ஒரு பக்கம் படுத்துக்கொண்டு உள்ளே போகும். திரையில் துணிமணியும் சாப்பாடும் ஆரஞ்சாக, இரும்பு நீலமாகத் தெரியும். கண் சோர்ந்துவிடும் என்று இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவார்கள். அவளுக்குக் கண் சோர்ந்ததே இல்லை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கும் பெண், அதில் அவள் கெட்டிக்காரி.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவள் ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பாள். “பையில என்னன்னு கேளு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா விட்டுடு. கேக்காததுக்கும் சேர்த்துப் பதில் சொன்னா ஓரமா நிறுத்து.”

அன்றைக்கு ஒரு தாத்தாவின் பையில் இருந்த சின்ன ரம்பத்தைத் தவறவிட்டுவிட்டாள். பக்கத்தில் நின்றவர் பிடித்தார். “என்ன மேடம், உடம்பு சரியில்லையா?”

உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மனசுதான் அந்த ஹெட் நர்ஸின் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தது. போன மாதம் அங்கே போயிருந்தபோது மேகம் மூடிக்கொண்டு அறை இருட்டியது. தங்கை டீ கப்பை எடுக்கக் கையை நீட்டி, கப்புக்கு இரண்டு விரற்கடை தள்ளி மேஜையைத் தொட்டாள். பெரியவள் சட்டென்று கப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அந்தம்மா பார்த்தாரா? முப்பத்திரண்டு வருஷம் நோயாளிகளைப் பார்த்த கண் அது. பார்க்காமலா இருந்திருக்கும்?

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் நேராகப் போய்க் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். முன்னாலேயே தெரிந்துகொண்டு சோதித்துப் பார்க்கிறார்கள் என்றால், அப்படிப்பட்ட வீட்டில் தங்கை வாழ வேண்டாம்.

*

அங்கே மெக்கானிக்குக்கும் வேலை ஓடவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பெயின்ட் கடைக்குப் போனார்.

தங்கை ஒரு அட்டைத் துண்டில் பச்சைப் பெயின்டைத் தடவி, முடி உலர்த்தும் மெஷினால் காய வைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்தில் பெயின்ட் வேறு நிறம் காட்டும், காய்ந்த பிறகுதான் அதன் சுயரூபம் தெரியும் என்று அவளே அவருக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

“என்ன மாமா, இந்தப் பக்கம்?”

“சும்மாதான். குட்டி, நான் யாருகிட்டயும் சொல்லலை. நீ நம்பறியா?”

“என்ன சொல்லலை?” அட்டையை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு அவளுக்கே புரிந்தது. “ஐயோ மாமா, அக்கா உங்களையா பிடிச்சா?”

“வேற யாரு கிடைப்பாங்க? விடு. உனக்கு அந்த மலை வேணுமா? வேண்டாம்னா சொல்லு, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்னு சொல்லி நான் எல்லாத்தையும் கலைச்சு விட்டுடறேன்.”

“வேணும் மாமா.”

சொன்ன வேகம் அவருக்கு உறுத்தியது. அப்போதுதான் கவுன்டருக்குக் கீழே பார்வை போனது. புது ஷூ ஒரு ஜோடி. கெட்டியான அடி, கணுக்கால் வரை ஏறிய தோல். மலை ஏறுகிறவர்கள் போடுவது. வாங்கி இரண்டு நாள் ஆனது மாதிரித் தெரியவில்லை. நுனியில் தேய்மானம், அடியில் மண். ஒரு மூன்று வாரமாவது போட்டு நடந்து பழகிய ஷூ.

சேதி வந்ததோ முந்தாநாள்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் அட்டையைப் பார்த்தாள். “மாமா, இந்தப் பச்சை சரியா இருக்கா சொல்லுங்க” என்றாள். அவரிடம் கலர் கேட்கிற ஆளா அவள்!

வெளியில் வந்து பெண்டாட்டியைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தார். ‘யோசிச்சுப் பாருங்க’ என்ற குரல் காதில் வந்தது. “அவ்வளவு கெட்டிக்காரி, அவளே கண்டுபிடிக்கட்டும்” என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நல்ல மனுஷருக்கும் ரோஷம் வரும். அது வேளை பார்த்தா வருகிறது?

*

ஹெட் நர்ஸ் கூடத்தில் உட்கார்ந்து, கால் கொப்புளத்துக்குப் போடும் பிளாஸ்திரிகளை ஆளுக்கு நாலாகப் பிரித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார். பெரியவளைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாம்மா. சொல்லாமக் கொள்ளாம வந்திருக்க, என்ன விஷயம்? தங்கச்சி சௌக்கியமா?”

“சௌக்கியம். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். யாரு சொன்னாங்க உங்களுக்கு?”

“என்ன சொன்னாங்க?”

“மலையைப் பத்தி இல்ல. அவளைப் பத்தி.”

“அவளைப் பத்தி என்ன?”

தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதைப் பார் என்று பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உறையில் போகிற பிளாஸ்திரியைப் பார்த்தால் இன்னும் எரிந்தது.

“உங்க வயசுக்கு மரியாதை கொடுத்துத்தான் கேக்கறேன். சந்தேகம் இருந்தா என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஒரு பொண்ணை ராத்திரியில மலைக்குக் கூட்டிட்டுப் போயி, டார்ச்சும் இல்லாம நடக்க விட்டு, விழறாளா இல்லையான்னு பார்க்கிறது எந்த ஊரு நியாயம்? அவளுக்கு ராத்திரியில கண் தெரியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டேதானே இதைச் செய்யறீங்க?”

ஹெட் நர்ஸின் கை நின்றது.

“ராத்திரியில கண் தெரியாதா?” என்றார்.

அந்தக் குரலில் பெரியவள் நடிப்பைத் தேடினாள். நடிப்பு எது, நிஜம் எது என்று பிரிக்கத் தெரிந்தவள் அவள். இது நிஜம். அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இந்த நிமிஷம் வரைக்கும்.

“உட்காரும்மா,” என்றார் ஹெட் நர்ஸ். தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். கேள்விகள் வார்டு ரவுண்டு மாதிரி வந்தன. “எப்போலேர்ந்து?”

“பிறவியிலேயே.”

“ஜாஸ்தியாகுமா?”

“ஆகாதுன்னு டாக்டர் சொன்னார்.”

“குழந்தைகளுக்கு வருமா?”

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். “வரலாம், வராமலும் இருக்கலாம்னார்.”

ஹெட் நர்ஸ் பிளாஸ்திரி உறைகளை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். “நீ ஒண்ணு தெரிஞ்சுக்கணும். மலை ஏறலாம்னு எங்க வீட்ல யாரும் சொல்லலை. நான் முட்டி வலிக்காரி, எனக்கு எதுக்கு மலை? உன் தங்கச்சிதான் என் மகன்கிட்ட சொன்னாளாம். அவன் சந்தோஷப்பட்டுக் குதிச்சான். பூகோள வாத்தியார் இல்லையா, மலைன்னா போதும். நான் ஆளுக்கு ரெண்டு டார்ச் எடுக்கணும்னேன். வேண்டாம்னு சொன்னதும் உன் தங்கச்சிதான்.”

“அவளா?”

“அவளேதான். அந்தப் பொண்ணுக்கு இருட்டு ரொம்பப் பிடிக்கும்போல இருக்குன்னு நேத்துகூட என் மகன் சொல்லிச் சிரிச்சான்.”

பெரியவள் எழுந்தாள். என்ன சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று தெரியவில்லை. “அம்மா, இதை நீங்க…”

“என் மகன்கிட்ட நான் எதையும் மறைக்கிறதில்ல. இன்னைக்குப் புதுசா ஆரம்பிக்க மாட்டேன்,” என்றார் ஹெட் நர்ஸ். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “ஆறு மணிக்கு ஸ்கூல்லேர்ந்து வருவான். அதுவரைக்கும் நீ என் வீட்டுக்கு வரலைன்னே வெச்சுக்கறேன். அதுக்குள்ள தங்கச்சிகிட்ட பேசிடு.”

*

தங்கை வழக்கம்போல் ஐந்தரைக்குள் வீடு வந்துவிட்டாள். அக்கா விளக்கைக்கூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, தானே ஸ்விட்சைத் தட்டினாள்.

“மலைக்குப் போகலாம்னு சொன்னது யாரு குட்டி?”

தங்கை கைப்பையைக் கொக்கியில் மாட்டினாள். அவசரப்படவில்லை. “நான்தான்.”

“டார்ச் வேண்டாம்னது?”

“அதுவும் நான்தான்.”

“உனக்கென்ன பைத்தியமா?”

“ஆளுக்கொரு டார்ச் இருந்தா யார் கையும் யாருக்கும் வேண்டாம்க்கா.” எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். “அவரு கடைக்கு வராரு, பேசறாரு, சிரிக்கிறாரு. எல்லாம் பகல்ல. பகல்ல எல்லாருமே நல்லவங்கதான். அந்தப் பல் டாக்டர் வீட்டுக்காரங்களும் பகல்ல நல்லவங்கதான். இருட்டுல இவரு எப்படின்னு எனக்குத் தெரியணும். அடிவாரத்துல நின்னு, ‘இங்கேர்ந்து எனக்கு ஒண்ணும் தெரியாது, கையைக் கொடுங்க’ன்னு நானே சொல்லலாம்னு இருந்தேன். அந்தக் கை எவ்வளவு நேரத்துல வருதுன்னு பார்க்கலாம்னு.”

“வரலைன்னா?”

“அங்கேயே உட்கார்ந்திருப்பேன். விடிஞ்சா எனக்குக் கண் தெரியுமே. எழுந்து வீட்டுக்கு வந்துடுவேன்.”

எவ்வளவு நாளாக இதை மனசில் போட்டு வைத்திருந்தாள்! அக்காவுக்குத் தெரியாமல் மூன்று வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் ஷூ போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள், கண் உதவாத இடத்தில் காலாவது உதவட்டும் என்று. பெரியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கும் நேரமில்லை. கடிகாரத்தில் ஆறு ஆக எட்டு நிமிடம்.

“குட்டி, நான் அந்தம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்.”

“எதுக்கு?”

“அவங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு கேக்க.”

தங்கைக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் தரையிலிருந்து எழுந்து நின்றாள்.

“அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா?”

“இல்ல.”

“இப்போ?”

“தெரியும். ஆறு மணிக்கு அவருக்கும் தெரிஞ்சிடும்.”

தங்கை கத்தியிருந்தால் தேவலை. அவள் கத்தவில்லை. “போன தடவையும் நீதான் போய்ச் சொன்ன. ஊருக்கெல்லாம் தலைவலின்னு சொன்னதும் நீதான். சொல்றதும் நீ, மறைக்கிறதும் நீ. இது என் கண்ணு, அக்கா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் சொல்லக் கூடாதா?”

வளர்த்தவளுக்கு இதைவிடப் பெரிய அடி உண்டா? இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மெஷினுக்கு முன்னால் ஆளை மாற்றுகிறார்கள். இந்த வீட்டில் மட்டும் அவள் இருபது வருஷமாக எழுந்திருக்கவே இல்லை. அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

ஆறு மணி அடித்து ஐந்து நிமிடத்தில் தங்கையின் போன் அடித்தது. பூகோள வாத்தியார்.

பழக்கதோஷம், பெரியவளின் கைதான் முதலில் போனது. “இரு, நான் பேசிக்கறேன்.”

தங்கை போனை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். “அக்கா, நீ கொஞ்சம் வெளியில இரு.”

இந்த வீட்டில் அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பெரியவள் எழுந்து, வாசலுக்கு வெளியே வந்து, கதவைச் சாத்தினாள்.

மெக்கானிக் படியேறி வந்துகொண்டிருந்தார். காலையிலிருந்து பேசாதவர், அவள் வெளியில் நிற்பதைப் பார்த்ததும் ரோஷத்தை மறந்துவிட்டார். “என்னம்மா? ஏன் இங்க நிக்கற?”

“காலையில உங்களைக் கேட்டேன்ல, யாரு உளறினதுன்னு.”

“ஆமா.”

“நான்தாங்க.”

அவர் கருவிப் பையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். நடந்ததை அவள் நாலே வரியில் சொன்னாள். கேட்டுவிட்டு, “மத்தியானம் அவ ஷூவைப் பார்த்தேன். உனக்குச் சொல்லப் போனை எடுத்தேன். கோவத்துல வெச்சுட்டேன்,” என்றார். அவரைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

உள்ளே தங்கையின் குரல் கேட்டது. “ஆமா.” கொஞ்சம் விட்டு, “ஆமா, பிறவியிலேயே.” அப்புறம் சத்தமே இல்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று.

“என்ன ஒண்ணும் கேக்கலை?” மெக்கானிக் எழுந்து கதவுப் பிடியில் கை வைத்தார். “உள்ள போய்ப் பார்க்கிறேன்.”

பெரியவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் உள்ளே ஓட வேண்டும் போலத்தான் இருந்தது.

“வேண்டாங்க,” என்றாள். “அவளே சொல்லட்டும்.”